சிந்தனைக் களம்: ஒரே ஃபவுலுக்கு இரண்டு தீர்ப்பா?

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்து முடிந்தால், அடுத்த சில நாட்களுக்குப் பிரட்டுக் களத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் அதே பேச்சுத்தான். கோல் அடித்தவரைவிட விசில் ஊதியவரைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். "முதல் பாதியில் எங்கள் பையன் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு மஞ்சள் அட்டை. இரண்டாம் பாதியில் அவர்கள் பையனும் அதையே செய்தான். அவனை வெறும் விசிலோடு விட்டுவிட்டார்கள்." பூனாகலை, அப்புத்தளை, தெமோதரை, பசறை என்று எங்கே போனாலும் அணியின் பெயர்தான் மாறும், முறைப்பாடு மாறாது.

தோற்றவர்களின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஒரு தோட்டத்து அணி மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ பேரின் உழைப்பு அதில் சேர்ந்திருக்கிறது. லயம் லயமாகப் போய்ச் சேர்த்த காசில்தான் ஜேர்சி வாங்குகிறார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு சொல்லிவிட்டு இரவோடு இரவாக பஸ்ஸேறி வருகிறார்கள். காலையில் கொழுந்தெடுத்த தாய்மார் மதியத்துக்குப் பிறகு மகனின் ஆட்டத்தைப் பார்க்க மேட்டில் வந்து உட்காருகிறார்கள். மத்தியஸ்தரின் கண் எப்போதாவது தவறும் என்பது இவர்களுக்குத் தெரியாததில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் இவர்களுக்கு உண்டு. ஒரே செயலை ஆளுக்கொரு அளவால் அளக்கிறார்கள் என்று தோன்றும்போதுதான் மனம் கொதிக்கிறது.

விசில் பிடித்திருப்பவரின் பக்கத்திலும் நின்று பார்ப்போம். சர்வதேச ஆட்டம் ஒன்றில் களத்துக்குள் ஒரு மத்தியஸ்தர், எல்லைக் கோடுகளில் இரண்டு துணை மத்தியஸ்தர்கள், வெளியே நான்காமவர் என்று நால்வர் இருப்பார்கள். காதில் கருவி வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். நம் தோட்டத்து மைதானத்தில் பெரும்பாலும் ஒருவர்தான். கொடி பிடிப்பதற்கு இரண்டு அணிகளின் மாற்று வீரர்களிலிருந்து ஆளுக்கொருவரை நிறுத்திவிடுகிறோம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தில் ஒரு பக்கக் கோடு தேயிலைச் செடியை ஒட்டியும் மறுபக்கக் கோடு பள்ளத்தை ஒட்டியும் ஓடும். பின்னேரத்தில் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல் கம்பமே மங்கிப்போகும். ஒரே நாளில் நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருவரே விசில் ஊத நேர்வதும் உண்டு. காலையில் பந்தோடு கூடவே ஓடிய கால்கள் மாலை அரையிறுதியில் நடுவட்டத்தைத் தாண்ட மறுக்கின்றன. அங்கே நின்றபடியே பெனல்டிப் பெட்டிக்குள் நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்புகள் முன்னுக்குப் பின் மாறுவதில் பெரும் பங்கு இந்தக் களைப்புக்கு உண்டு என்பது என் எண்ணம். அப்படியானால் ஆட்ட அட்டவணை போட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கரையில் நின்று பார்க்கும்போது முரண்பாடாகத் தெரிவதெல்லாம் உண்மையில் முரண்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உதைபந்தாட்ட விதிகள் மொத்தம் 17. அவற்றில் 12ஆவது விதி ஃபவுலையும் ஒழுங்கீனத்தையும் பற்றியது. பந்தைப் பறிக்கப் போய்க் கவனக்குறைவாக எதிராளியின் காலைத் தட்டிவிட்டால் அது ஃபவுல் மட்டுமே, அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு பாய்ந்து அவருடைய உடலுக்கு ஆபத்தை உண்டாக்கினால் சிவப்பு அட்டை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே சறுக்கலாகத் தெரியலாம். 'பந்தில்தானே கால் வைத்தான், பிறகு ஏன் அட்டை?' என்று கேட்கிறோம். பந்தைத் தொட்டாரா என்பதோடு விதி நின்றுவிடுவதில்லை. எவ்வளவு வேகத்தில், காலை எப்படி நீட்டிக்கொண்டு போனார் என்பதையும் பார்க்கச் சொல்கிறது.

சட்டை இழுப்பதும் அப்படித்தான். நடுக்களத்தில் ஆபத்தில்லாத இடத்தில் இழுத்தால் பல வேளைகளில் விசிலோடு விடலாம். நல்லதொரு தாக்குதலை முறிப்பதற்காக இழுத்தால் மஞ்சள் அட்டை. தெளிவான கோல் வாய்ப்பை அப்படிப் பறித்தால் சிவப்பு. ஆகவே நம் பையனுக்கு ஒன்றும் அவர்கள் பையனுக்கு இன்னொன்றும் கொடுத்தது சரியாகவே இருந்திருக்கலாம். அட்வான்டேஜ் கொடுத்து ஆட்டத்தை ஓடவிடும் மத்தியஸ்தரைப் பார்த்து, ஃபவுலையே கவனிக்கவில்லை என்று கரையிலிருந்து சத்தம் போடுவதும் நம்மிடையே வழக்கம்தான். இந்த நுணுக்கங்களைப் பார்வையாளர்களும் தெரிந்துகொண்டால் கோபத்தில் ஒரு பகுதி தானாகவே தணிந்துவிடும்.

மற்றொரு பகுதி உண்மையான முரண்பாடு. கையில் பந்து படுவது பற்றிய விதி 2019, 2020, 2021 என்று அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. தாக்கும் அணியினரின் கையில் தற்செயலாகப் பட்டு அதன் தொடர்ச்சியாகக் கோல் விழுந்தாலும் அது செல்லாது என்று 2019இல் வைத்தார்கள். 2021இல் அதைத் தளர்த்தினார்கள். கோல் அடித்தவரின் சொந்தக் கையில் பட்டிருந்தால் கோல் இல்லை, சக வீரரின் கையில் தற்செயலாகப் பட்டிருந்தால் கோல் செல்லும் என்றானது. இங்கே ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் கற்றதை வைத்து ஊதுகிறார், இன்னொருவர் தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து ஊதுகிறார், வேறொருவர் அண்மையில் பெற்ற பயிற்சியை வைத்து ஊதுகிறார். ஒரே நாளில் ஒரே மைதானத்தில் மூன்று விதிகளின் கீழ் நம் பிள்ளைகள் ஆட வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கான வழிகளும் அறுபடாமல் இருந்ததில்லை. 2023 ஜனவரி 21இல் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. தேசிய அணி சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியாமல் போனதைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் நடத்தும் அபிவிருத்தித் திட்டங்களிலும் பயிற்சி நெறிகளிலும் சம்மேளனமோ அதன் அங்கத்தவர்களோ பயன்பெற முடியாது என்பதும் அந்தத் தடையின் ஒரு பகுதி. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேலே நிர்வாகத்தில் பிணக்கு வந்தால், கீழே விசில் ஊதுபவரின் கல்வியும் நின்றுபோகிறது.

இன்னொன்றையும் மெல்லத் தொட வேண்டியிருக்கிறது. ஊவாவில் நடக்கும் ஒரு சுற்றுப்போட்டிக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள், டவுனில் உள்ள முஸ்லிம் பிள்ளைகள், சுற்றுக் கிராமங்களின் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். அவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் சேர்க்கும் ஆட்டம் நம்மிடம் இருப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் ஒரு தீர்ப்பு பிசகியதும், மத்தியஸ்தர் எந்த மொழிக்காரர், எந்தத் தோட்டத்துக்காரர், யாருக்கு மச்சான் என்ற கேள்விகள் எழும்பிவிடுகின்றன. பெரும்பாலும் பக்கச்சார்பு எதுவும் இருப்பதில்லை. சிங்களத்தில் சொன்ன விளக்கம் தமிழ்ப் பையனுக்கும், தமிழில் சொன்னது சிங்களப் பையனுக்கும் சரியாகப் போய்ச் சேராத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே வேளை, போட்டியை நடத்தும் தோட்டத்தைச் சேர்ந்தவரையே அந்தத் தோட்டத்து அணியின் அரையிறுதிக்கு மத்தியஸ்தராகப் போட்டுவிட்டு, யாரும் சந்தேகப்படக் கூடாது என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரை அந்த இக்கட்டில் தள்ளுவது அவருக்கும் செய்யும் அநீதி.

பணமும் கருவியும் குறைவில்லாத இடங்களிலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில், கோல் கோட்டுக்கு வெளியே போய்விட்ட பந்தை உள்ளே இழுத்துப் போட்டுக் கட்டார் அணி சமப்படுத்தியது. அந்தச் சுற்றில் வீடியோ மீள்பார்வை இல்லை, கோல் நிலைத்தது. இந்தியா 2–1 எனத் தோற்று வெளியேறியது. வீடியோ இருந்த இடத்தில் என்ன நடந்தது? 2023 செப்டெம்பர் 30இல் டொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை ஓஃப்சைட் என்று களத்தில் மறுத்தார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களோ, களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். சரியான கோல் ஒன்று அப்படியே போயிற்று. இதையெல்லாம் பார்த்த சுவீடனில், ரசிகர்களான அங்கத்தவர்களின் கையில் பெரும்பான்மை உரிமை உள்ள கழகங்கள் பல எதிர்த்ததால், வீடியோ முறையே வேண்டாம் என்று 2024இல் முடிவானது.

நம் இளைஞர்கள் சிலர் கைத்தொலைபேசிக் காட்சியை வைத்துத் தீர்ப்பை மாற்றலாமே என்கிறார்கள். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. கமெரா குறைந்த போட்டிகளுக்காகவே ஃபிஃபா 2024இல் ஓர் எளிய முறையைச் சோதித்துப் பார்த்தது. பயிற்றுநர் கேட்டால் மத்தியஸ்தரே திரையில் போய்ப் பார்ப்பார், ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு தடவை. ஆனால் மேட்டின் ஒரு மூலையில் நின்று எடுத்த காட்சியில் ஓஃப்சைட்டைத் தீர்மானிக்க முடியாது, கோணம் ஏமாற்றிவிடும். அத்தகைய காட்சிகளை ஆட்டத்துக்குப் பிறகு மத்தியஸ்தர்களும் பயிற்றுநர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் நல்ல பாடமாகும். வாட்ஸ்அப்பில் மத்தியஸ்தரின் முகத்தை வட்டமிட்டுச் சுற்றவிட்டால் அடுத்த முறை விசில் பிடிக்க யாரும் வர மாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான அனுபவம் டாக்காவில் நடந்தது. 2024 பெப்ரவரி 8, தெற்காசிய 19 வயதுக்குட்பட்ட பெண்கள் இறுதியாட்டம். பங்களாதேஷும் இந்தியாவும் 1–1 எனச் சமநிலை. பெனல்டி உதைகளில் கோல்காப்பாளர்கள் உட்பட இரண்டு அணிகளின் பதினொருவரும் தவறாமல் அடித்து 11–11 ஆனது. முடிவு தெரியும்வரை உதைகள் தொடர வேண்டும் என்பதுதான் விதி. போட்டி ஆணையாளரோ நாணயச் சுழற்சிக்கு உத்தரவிட்டார். இந்தியா அதில் வென்று கொண்டாடியது. பங்களாதேஷ் பிள்ளைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பார்வையாளர்கள் போத்தல்களை எறிந்தார்கள். பிழை தெரியவந்ததும் உதைகளைத் தொடரலாம் என்றார்கள், இந்திய அணி மறுத்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு இரண்டு அணிகளையும் கூட்டுச் சம்பியன்களாக அறிவித்தார்கள். அந்த ஆணையாளர் நம் நாட்டவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அனுபவம் மிக்கவருக்கும் நெருக்கடியில் விதி மறந்துபோகும் என்பதற்காகவும், பிழையைத் திருத்தப் பலர் முன்வந்தார்கள் என்பதற்காகவும்தான் எழுதுகிறேன். நாணயத்தைச் சுண்டுவதற்கு முன் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் எடுத்திருந்தால், அந்த இரவு இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் வேறுவிதமாக முடிந்திருக்கும்.

கோபம் எல்லை தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 மார்ச் 3இல் பெங்களூரு அணிக்கு எதிரான இந்திய சுப்பர் லீக் ஆட்டத்தில், சுனில் சேத்ரி விரைவாக எடுத்த ப்ரீகிக் கோலை ஏற்க மறுத்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டு வெளியேறியது. அவர்களுடைய வாதத்தில் பேசத்தக்க விஷயம் இருந்தது. வெளியேறியதால் ஆட்டமும் போயிற்று, கழகத்துக்கு நான்கு கோடி இந்திய ரூபா அபராதம், பயிற்றுநருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. 2024 டிசம்பர் 1இல் கினியாவின் ந்செரெகோரே நகரில் மத்தியஸ்தரின் தீர்ப்பை ஒட்டி மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் அரசாங்கக் கணக்குப்படியே 56 பேர் உயிரிழந்தார்கள். அதுவும் ஊர் கூடிப் பார்க்க வந்த ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம்தான்.

ரசிகரின் நியாயத்தையும் மத்தியஸ்தரின் நியாயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இருவரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றே. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் சுற்றுப்போட்டிகள் பலவற்றில் அணிக்கு ஏழு பேர். ஓஃப்சைட் உண்டா இல்லையா, பெனல்டி எத்தனை அடியிலிருந்து, மாற்று வீரர் எத்தனை பேர், மஞ்சள் அட்டை அடுத்த ஆட்டத்துக்கும் தொடருமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நேற்றுத் தெமோதரையில் செல்லுபடியானது இன்று பூனாகலையில் செல்லாது. ஆகவே போட்டிக்கு முந்திய நாள் மாலை அணித் தலைவர்களும் முகாமையாளர்களும் மத்தியஸ்தர்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இவற்றை வாய்விட்டுப் பேச வேண்டும். பேசியதை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மைதானத்தில் ஒட்ட வேண்டும். ஒரு விதிப்புத்தகம் நடுவர் மேசையில் எப்போதும் கிடக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு போட்டோகொப்பிக் காசு.

களத்துக்குள் அணித் தலைவர் மட்டும் மத்தியஸ்தரிடம் போய்ப் பேசலாம் என்ற ஏற்பாட்டை 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் நடைமுறைப்படுத்தினார்கள். அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் சூழ்ந்து நின்று கத்துவது நிற்கும். ஆனால் அது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. தலைவர் பணிவாக வந்து கேட்டால், என்ன கண்டேன், ஏன் இந்த அட்டை என்று ஒரு வாக்கியத்தில் சொல்வது மத்தியஸ்தரின் கடமையாக வேண்டும். ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் தன் தீர்ப்பு பிழை என்று உணர்ந்தால் மாற்றிக்கொள்ள விதியே அவருக்கு இடம் தருகிறது. அப்படி மாற்றுபவரைப் பார்த்து 'பயந்துவிட்டார்' என்று கூவாமல் இருப்பது கரையில் நிற்கும் நம் கடமை.

எழுத்து முறைப்பாட்டுக்கும் வழி வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபவுலா இல்லையா என்பது மத்தியஸ்தர் கண்டது, அதில் அவருடைய சொல்லே இறுதி. விதியையே தவறாகப் பிரயோகித்தால் கதை வேறு. 2005 செப்டெம்பரில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் மோதிய உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில், உஸ்பெக் வீரர் ஒருவர் முந்திப் பெட்டிக்குள் புகுந்ததால் பெனல்டியைத் திரும்ப உதைக்கச் சொல்லியிருக்க வேண்டும். மத்தியஸ்தர் பஹ்ரைனுக்கு ப்ரீகிக் கொடுத்துவிட்டார். ஃபிஃபா அந்த ஆட்டத்தையே செல்லாததாக்கி மீண்டும் ஆட வைத்தது. அதே வேறுபாட்டை வைத்து, போட்டியில் சம்பந்தப்படாத ஊரைச் சேர்ந்த ஒருவரும் உட்பட மூவரைக் கொண்ட சிறு குழு ஒன்று அன்றைக்கே முறைப்பாட்டைக் கேட்டு முடிவு சொல்லலாம். சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால், மைதானத்துக்குள் பாய வேண்டிய அவசியம் குறையும்.

மத்தியஸ்தர்களை ஊர் மாற்றி அழைப்பதும் கடினமான காரியம் இல்லை. அப்புத்தளையில் இருப்பவர் பசறைக்கும் பசறையில் இருப்பவர் பண்டாரவளைக்கும் போகலாம். ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் கொடுக்காமல் இருக்கலாம். அவருக்குரிய தொகையையும் பஸ் செலவையும் ஆட்டம் தொடங்குமுன் கையில் கொடுத்துவிட வேண்டும். இறுதியாட்டம் முடிந்து வசூல் எண்ணிய பிறகு கொடுப்பது அவருக்கும் மரியாதையில்லை, கேட்பவர்களுக்கும் சந்தேகத்தைத் தரும். இதற்கெல்லாம் கூடுதல் செலவாகும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கிண்ணத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் அந்தச் செலவு தாங்கும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்ட முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். பாடசாலை அணியில் ஆடிவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆட்டம் தெரிந்த இவர்களில் தோட்டத்துக்கு இரண்டு பேர் முன்வந்தால், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடமும் மாவட்ட லீக்கிடமும் போய், தமிழிலும் நடக்கும் ஒரு மத்தியஸ்தர் பயிற்சியைக் கேட்கலாம். தனி ஒரு கழகம் கேட்பதைவிட இருபது கழகங்கள் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். பொங்கல் சுற்றுப்போட்டிக்கான அழைப்பிதழை அச்சடிப்பதற்கு முன்பே அந்தக் கடிதத்தை எழுதிவிடலாம். யார் எழுதுவது என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த சுற்றுப்போட்டியை நடத்தப்போகும் கழகமே தொடங்கட்டும், மற்றவர்கள் கையொப்பமிடுவார்கள்.